கெரானில் இருந்த சிசி

கமலநாதன் அண்ணன் இம்ரானுக்கு ஒரு வடை கூடுதலாக வாங்கி வந்திருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு ஆரம்பித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நாற்பத்து நான்கு வயது, சொந்தப் பட்டறை இருக்கிறது. கிள்ளானில் 'டர்போ லோகன்' எங்கே என்று கேட்டால் காப்பார் ரோட்டில் எந்த டயர் கடைக்காரனும் கை காட்டுவான். அப்பேர்ப்பட்டவன் ஓர் உளுந்து வடைக்காக வயிறெரிந்தேன்.

விஷயம் வடையில் இல்லை. பதினான்கு வருடமாக சனிக்கிழமை காலை என்றால் கமலநாதன் அண்ணன் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இரண்டு பொட்டலம் தோசையோடு என் பட்டறைக்கு வருவார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் இழுக்கும் இருபத்தாறு லோரிக்கு முதலாளி. ஆனால் அவர் உயிர் இருப்பது ஒரு வெள்ளை ஜப்பான் காரில். அந்தக் காரின் எஞ்சினை மூன்று முறை பிரித்துக் கட்டியவன் நான். பழைய டயரைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சட்டினி சட்டையில் ஒழுக ஒழுகச் சாப்பிட்டுக்கொண்டே, "லோகா, என் காடிய பத்தி சொல்லு" என்பார். சொல்வேன். என் மனைவியிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

பிறகு இம்ரான் வந்தான். ஊர் கீழக்கரை, வயது இருபத்தொன்பது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டர்போக்களைச் சோதனை செய்யும் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தவன். தன் லோரி எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ள அண்ணன்தான் விசா எடுத்து வரவழைத்தார். லோரிக்கு வந்தவன் லோரியோடு இருக்க வேண்டியதுதானே? வந்த இரண்டாவது மாதமே சனிக்கிழமைப் பொட்டலம் மூன்றானது. நான்காவது மாதம் அந்த மூன்றாவது பொட்டலத்தில் வடை ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. "தம்பி ஒல்லியா இருக்கான் லா" என்றார் அண்ணன். நான் மட்டும் என்ன, பத்துமலை முருகன் சிலை மாதிரியா இருக்கிறேன்?

எனக்குப் பொறாமை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். வந்த முதல் நாளிலிருந்து "அண்ணே" போடாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. என் ஸ்பேனரை எடுத்தால் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பான். அந்த மரியாதை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வீட்டில் மாதவி ஒருநாள் கேட்டாள்: "நீங்க அந்தப் பையன திட்டாம சோறு சாப்பிட மாட்டீங்களா?"

காரின் பழைய டர்போ தேய்ந்துவிட்டது. செப்பாங் பந்தயத் தளத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் பிடித்திருந்தார் அண்ணன். அதற்குள் புது டர்போ வேண்டும். டர்போ தேர்ந்தெடுப்பது செருப்பு வாங்குவது மாதிரிதான். காலுக்குச் சரியாக இருக்க வேண்டும். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். டர்போ பெரிதாகிவிட்டால் மிதித்த பிறகு யோசித்து யோசித்து எழும். சிறிதாகிவிட்டால் தொடக்கத்தில் துள்ளும், மேலே போகப் போக மூச்சு முட்டும். எஞ்சின் கேட்கும் காற்றைக் கொடுக்க முடியாமல் சக்கரம் தாங்காத வேகத்தில் சுற்றும். அது உடைந்தால் துண்டுகள் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சூடான குழாய்மேல் எண்ணெய் கொட்டும், தீப்பிடிக்கும்.

நான் பெரியது ஒன்றைச் சொன்னேன். அந்த எஞ்சினின் மூச்சு எனக்குத் தெரியும், கணக்கெல்லாம் போடவில்லை. அண்ணன் தலையாட்டினார். வழக்கமாக அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

"தம்பிகிட்டயும் ஒரு வார்த்த கேப்போம் லா" என்றார் இந்த முறை.

தம்பி மடிக்கணினியைத் திறந்தான். டர்போ செய்கிறவர்கள் ஒவ்வொரு டர்போவுக்கும் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். ஒரு பக்கம் காற்றின் அளவு, இன்னொரு பக்கம் அழுத்தம், நடுவே வட்டம் வட்டமாகக் கோடுகள். எஞ்சின் ஓடும் பாதை அந்த வட்டங்களின் நடுவே போனால் ஜோடி பொருத்தம். "கேரி தீவு மேப் மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். அவர் அப்பா கேரி தீவு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அதையெல்லாம் இவனிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பதினான்கு வருடத்தில் எனக்கு மட்டும் சொன்ன கதை என்று நினைத்திருந்தேன்.

இம்ரான் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டான். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தான். என்ன என்று ஒரு கட்டம், எவ்வளவு என்று ஒரு கட்டம். மூன்றாவதில் என்ன எழுதுகிறான் என்று நான் கவனிக்கவில்லை.

"அண்ணே, எஞ்சின் எத்தன சிசி?"

"டூ லிட்டர் லா. கெரான்ல இருக்கு பாரு, ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தெட்டு."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கெரான் என்றால் வண்டியின் பதிவுப் பத்திரம். இங்கே சாலை வரி எஞ்சினின் சிசியை, அதாவது கொள்ளளவை, வைத்துத்தான். கெரானில் ஒன்று இருந்து உள்ளே வேறொன்று இருப்பது தெரிந்தால் ஜேபிஜேக்காரர்கள், சாலைப் போக்குவரத்து இலாகாவினர், வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். உள்ளே என்ன கட்டினாலும் வாயில் வருவது கெரானில் இருக்கும் எண்தான். பட்டறைக் கதவு மூடியிருந்தாலும் சரி, கேட்பவன் கூடப் பிறந்தவனாக இருந்தாலும் சரி. சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே பழகிவிட்டது.

ஆறு வருடம் முன்பு அந்தக் காரின் கிராங்க் தண்டு விரிசல் விட்டது. நான் பிஸ்டனை எட்டு மில்லிமீட்டர் அதிகம் ஓட்டும் கிராங்க் ஒன்றைப் போட்டேன். எஞ்சின் 2184 சிசி ஆனது. "பாஸ், உள்ள கொஞ்சம் பெருசா..." என்று நான் ஆரம்பித்ததுமே அண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "நீ சொல்லல, நான் கேக்கல" என்றார். அவரைப் பொறுத்தவரை அது என்றைக்கும் டூ லிட்டர்தான்.

ஆகவே இம்ரானுக்கு நான் சொன்ன பதில் பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது. சத்தியமாக.

ஆனால் சொல்லி முடித்த மறு நொடியே எனக்கு உறைத்தது. இவன் ஜேபிஜே அதிகாரி இல்லை. இந்த எண்ணை வைத்துத்தான் டர்போ எடுக்கப் போகிறான். நூற்றுக்கு ஒன்பது பங்கு தப்பு. பேனா இன்னும் தாளில்தான் இருந்தது. "தம்பி, ஒரு நிமிஷம்" என்று சொன்னால் போதும். அண்ணன் அந்த நேரம் பார்த்து இம்ரானின் தோளில் கை போட்டு, "பாத்தியா லோகா, இவன் எவ்ளோ நிதானமா செய்றான்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கணக்கு சின்ன டர்போவைக் காட்டியது. "அண்ணே சொன்னது டூ லிட்டருக்குக் கொஞ்சம் பெருசுங்க" என்று என்னிடம்தான் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னான். அண்ணன் சின்னதையே வாங்கச் சொல்லிவிட்டார். வாங்கட்டும் என்று நானும் இருந்தேன். செப்பாங்குக்கு முன்னால் ஷா ஆலமில் டைனோவில் ஏற்றுவோம். வண்டியை உருளைகள்மேல் நிற்க வைத்து ஓட்டி எஞ்சினின் பலத்தைப் பார்க்கும் இயந்திரம் அது. அங்கே மேல் வேகத்தில் மூச்சு முட்டும். அண்ணன் என் பக்கம் திரும்புவார். கேரி தீவு வரைபடம் கிழியும். பழையபடி பொட்டலம் இரண்டு. என் திட்டம் அவ்வளவுதான். ஓர் ஆளை ஊருக்கு அனுப்பப் பார்த்தேன் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். அண்ணன் கைவிட்டால் அவன் விசா என்னவாகும் என்று தோன்றியது உண்மை. தோன்றியதை அதற்குமேல் வளரவிடவில்லை.

டர்போ வந்தது. என் கையாலேயே பூட்டினேன். வேலையில் குறை வைக்கவில்லை. அந்த மானம் எனக்கு உண்டு.

ஷா ஆலமில் நடந்ததுதான் கொடுமை. பெரிய எஞ்சினில் சின்ன டர்போ எப்படி இருக்கும்? கொஞ்சம் மிதித்தாலே எழுந்துகொள்ளும். மூவாயிரத்து நூறு சுற்றில் அழுத்தம் ஏறும் என்று இம்ரான் எழுதியிருந்தான். அது இரண்டாயிரத்து எழுநூறிலேயே ஏறிவிட்டது. புது டர்போ என்பதால் முதல் நாள் ஆறாயிரத்தைத் தாண்ட வேண்டாம் என்று அவனே நிறுத்திவிட்டான். மூச்சு முட்டும் இடத்துக்கு வண்டி போகவே இல்லை.

திரும்பும்போது அண்ணன் ஃபெடரல் ஹைவேயில் ஓட்டிப் பார்த்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்ந்ததும் எனக்கு போன். "லோகா, பதினாலு வருஷத்துல இப்டி ஓடினதே இல்ல! கால வெச்சா பறக்குது லா! தம்பி கைராசிக்காரன்!"

என் எஞ்சின் அது. அந்தத் துள்ளல் நான் போட்ட கிராங்கின் துள்ளல். நான் தோண்டிய குழியில் அவனை மாலை போட்டு உட்கார வைத்துவிட்டேன். போனை வைத்துவிட்டுக் கையில் இருந்த ஸ்பேனரைச் சுவரில் வீசினேன். காலண்டர் கிழிந்தது.

மறு சனிக்கிழமை பொட்டலத்தில் அவனுக்கு வடை மூன்று.

சந்தோஷப்பட வேண்டியவன் முகம் மட்டும் சரியாக இல்லை. பாதித் தோசையை வைத்துவிட்டு மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான். செப்பாங்குக்காகக் காரைச் சில நாளாகப் பட்டறையிலேயே விட்டிருந்த அண்ணன் கிளம்பியதும் என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். காத்து மீட்டர் ஒன்பது பர்சென்ட் கூடக் காட்டுது. டூ லிட்டர் எஞ்சின் இவ்ளோ காத்து இழுக்காதுண்ணே."

"மீட்டர் போயிருக்கும்."

"மாத்திட்டேண்ணே. ரெண்டு தடவ மாத்திட்டேன். மூணும் அதத்தான் காட்டுது." மடிக்கணினியை மூடினான். "தப்பா எடுத்துக்காதீங்க. எஞ்சின் டூ லிட்டர்தானே? உறுதிதானே?"

முதல் தடவை வாய் தானாகச் சொன்னது என்றேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல முடியாது. யோசிக்க நேரம் இருந்தது. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"நான் கட்டுன எஞ்சின் தம்பி. எனக்குத் தெரியாதா?"

"அய்யோ, அப்படி இல்லண்ணே. மன்னிச்சுருங்க" என்றான். உண்மையிலேயே வெட்கப்பட்டுப் போய்விட்டான். எனக்குக் குளுகுளு என்று இருந்தது. இரண்டு நாள் அவன் சோறு இறங்காமல் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். படித்தவனை ஒரு படிக்காதவன் தூக்கமில்லாமல் ஆக்குவதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசியை நான் தின்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. செப்பாங்குக்கு இன்னும் இரண்டு நாள். பன்னிரண்டே முக்காலுக்கு இம்ரான் கை கால் கழுவிக்கொண்டு தொழுகைக்குப் போனான். நீல நோட்டு என் மேசையில் இருந்தது. அவன் போய்ப் பத்து நிமிடத்தில் அண்ணன் போன் செய்தார்.

"லோகா, தம்பி போன் எடுக்க மாட்றான்."

"ஜும்மா பாஸ்."

"ஆமா, மறந்துட்டேன். அவன் புக்கு அங்கதானே இருக்கு? செப்பாங்ல எவ்ளோ பூஸ்ட் பிரஷர் வரைக்கும் போலாம்னு எழுதிருப்பான். பாத்துச் சொல்லு, நான் எழுதி வெச்சுக்கிறேன்."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு நோட்டைத் திறந்தேன். அப்போதுதான் அந்த மூன்றாவது கட்டத்தைப் படித்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது எப்படித் தெரியும் என்று எழுதியிருந்தான். புகையின் வெப்பம், சென்சார். குழாய் விட்டம், அளந்தது. கேஸ்கெட் தடிப்பு, லோகன் அண்ணே. வால்வு இடைவெளி, லோகன் அண்ணே. பிஸ்டன், லோகன் அண்ணே. கொள்ளளவு 1998, லோகன் அண்ணே. பக்கம் முழுக்க என் பெயர். அழகான கையெழுத்து.

பக்கத்தைத் திருப்பினேன். புதன்கிழமை தேதி. "காற்று மீட்டர் 9% கூடுதல். மூன்று மீட்டரும் அதே. 1998 உறுதி, லோகன் அண்ணே. ஆகவே மீட்டர் இருக்கும் குழாயால் வந்த தவறு. மீட்டர் கணக்கில் 9% குறைத்தாயிற்று."

இரண்டு முறை படித்தேன். மூன்று மீட்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் என் பக்கம் நின்றிருந்தான். கம்ப்யூட்டரை நம்பி வந்தவன், என்னை ஓரம் கட்ட வந்தவன் என்று நான் கரித்துக்கொட்டிய ஆள், என் வாய்ச்சொல்லுக்காக மூன்று இயந்திரத்தைப் பொய் என்று எழுதியிருந்தான்.

அதைவிட மோசமானது அடுத்த வரியில் இருந்தது. டர்போ சக்கரம் தாங்கும் எல்லைக்குக் காற்றின் அளவை வைத்து ஒரு வேலி போட்டிருந்தான். அந்த அளவு வந்ததும் கம்ப்யூட்டர் அழுத்தத்தைத் தானாகக் குறைத்துவிடும். ஆனால் மீட்டரை ஒன்பது பங்கு குறைத்துக் காட்டச் சொல்லிவிட்டானே! இனி எல்லையைத் தாண்டிப் போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வேலி இருக்கிறது, தள்ளி நிற்கிறது. செப்பாங் நேர்ப்பாதையில் அண்ணன் ஏழாயிரத்து ஐந்நூறு வரை மிதிப்பார். மூச்சு முட்டித் தோற்றுப் போகும் கணக்கு இல்லை இது. சக்கரம் உடையும் கணக்கு.

"என்னா லோகா, கெடச்சுச்சா?"

"பாக்குறேன் பாஸ்."

"ஞாயித்துக்கெழம மொத ரவுண்டு தம்பியத்தான் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டப் போறேன். அவன் கணக்குதானே, அவனே பாக்கட்டும்."

கேளுங்கள், என் புத்தியை. இவ்வளவும் படித்த பிறகும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். அது என் இருக்கை. பதினான்கு வருடமாக எந்த டர்போ போட்டாலும் முதல் சுற்றில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அந்த பெல்ட்டின் நீளம்கூட என் தொப்பைக்கு வைத்தது. அதையுமா அவனுக்கு?

அந்த ஆத்திரத்திலேயே நான் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். காலுக்கு முன்னால் ஒரு தகடு, அதற்கு அந்தப் பக்கம் அந்தச் சின்னச் சக்கரம், ஏழாயிரத்து ஐந்நூறு. இப்போது அண்ணன் என்னை ஏறச் சொன்னால் ஏறுவேனா?

ஏற மாட்டேன். காசு கொடுத்தாலும் ஏற மாட்டேன்.

"பாஸ், ஞாயித்துக்கெழம காடி போகக் கூடாது" என்றேன்.

"ஏன்? என்னா ஆச்சு?"

"போகக் கூடாது. நாளைக்கு வாங்க, சொல்றேன். சாவி என்கிட்டதான் இருக்கு, தர மாட்டேன்."

அண்ணன் கத்தினார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு இம்ரான் வந்தான். நான் அவன் நோட்டை அதே பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி. ரெண்டாயிரத்து நூத்து எண்பத்து நாலு."

"என்னண்ணே?"

"சிசி. கிராங்க் மாத்திருக்கு. ஆறு வருஷம் ஆச்சு. நான்தான் மாத்துனேன்."

அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விரலால் மேசையில் ஏதோ கணக்குப் போட்டான். ஒன்பது பங்கு சரியாக வந்திருக்க வேண்டும். முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. தன் கணக்கு தப்பில்லை என்ற நிம்மதி. அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது.

"மறந்துட்டீங்களாண்ணே?" என்றான். எனக்குக் கதவைத் திறந்து வைத்துக் கேட்டான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவன் நம்பியும் இருப்பான்.

"இல்ல. மறக்கல" என்றேன். "மொத தடவ பழக்கத்துல வந்துருச்சு. ரெண்டாவது தடவ தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏண்ணே?"

பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. தேடிப் பார்த்தேன். "பொறாமப்பா" என்றேன். "உனக்கு வடை ஒண்ணு கூட வந்துச்சு."

அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. திட்டினால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசலாம் என்று காத்திருந்தேன். அவன் போய்க் காரின் முன்மூடியைத் திறந்தான். ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றினான். நீளமான பித்தளைக் கம்பி ஒன்றை அந்தத் துளைக்குள் விட்டுப் பிஸ்டன்மேல் நிற்க வைத்தான்.

"என்ன பண்ற தம்பி? அதான் சொல்லிட்டேனே."

"அளந்து பாத்துக்கறேண்ணே" என்றான், மிகவும் மரியாதையாக.

எஞ்சினைக் கையால் சுற்றினான். கம்பி மேலே ஏறியது. அங்கே ஒரு கோடு. மறுபடி சுற்றினான், கீழே இறங்கியது. அங்கே ஒரு கோடு. வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு கோட்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்தான். தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர், பழைய எண்பத்தாறோடு நான் கூட்டிய எட்டு. நான் சொன்ன கணக்குதான். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. நோட்டில் 1998ஐ அடித்துவிட்டு 2184 என்று எழுதினான். மூன்றாவது கட்டத்தில் என் பெயரையும் அடித்தான். பக்கத்தில் 'அளந்தது' என்று எழுதினான்.

சனிக்கிழமை அண்ணன் முகம் உப்பிப் போய் வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் இம்ரான் பேசிவிட்டான். "கணக்குல ஒரு நம்பர் தப்பாயிருச்சு முதலாளி. இந்த டர்போ பத்தாது. லோகன் அண்ணே சொன்ன பெருசுதான் சரி."

அண்ணன் என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "நீ அன்னைக்கே சொன்னல்ல லோகா! மெஷின் தெரியறது வேற, காடி தெரியறது வேற லா!"

"பாஸ், அவன் மேல தப்பு இல்ல. அந்தக் கிராங்க்..."

அண்ணன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "நீ சொல்லல, நான் கேக்கல" என்றார். சிரித்தார். பிறகு தன் பொட்டலத்தில் இருந்த வடையை எடுத்து என் தோசைமேல் வைத்தார்.

அதைத் தின்றேன். வேறு என்ன செய்ய? எண்ணெய்ச் சிக்கு அடித்தது.

அடுத்த மாதம் பெரிய டர்போ வந்தது. நானும் அவனும் சேர்ந்துதான் பூட்டினோம். ஷா ஆலமில் வரைபடத்தின் நடு வட்டத்துக்குள் எஞ்சின் வழுக்கிக்கொண்டு போனது. செப்பாங்கில் முதல் சுற்றுக்கு அண்ணன் என்னைத்தான் கூப்பிட்டார். பெல்ட் என் தொப்பைக்குச் சரியாக இருந்தது. நான் கேட்டதெல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இம்ரான் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டினான்.

இன்றும் பட்டறைக்கு வருகிறான். இன்றும் "அண்ணே"தான். ஸ்பேனரைத் துடைத்து வைக்கிறான். நேற்று அண்ணனின் லோரி எஞ்சின் ஒன்றைத் திறந்திருந்தோம். கேஸ்கெட் என்ன தடிப்பு என்று அவன் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: "ஒண்ணு புள்ளி மூணு தம்பி." அந்தக் கேஸ்கெட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

"சரிங்கண்ணே" என்றான். சொல்லிவிட்டு மேல்பையிலிருந்து வெர்னியரை எடுத்தான். கேஸ்கெட்டை வெளிச்சத்துக்குத் தூக்கி, நான்கு இடத்தில் வைத்து அளந்தான். ஒன்று புள்ளி மூன்று. நோட்டில் எழுதினான்.

முன்பு அண்ணனிடம் இவனுக்குக் கிடைத்ததைப் பார்த்து வயிறெரிந்தேன். இப்போது இவன் மேல்பையில் இருக்கும் அந்த இரும்புத் துண்டைப் பார்த்து எரிகிறது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது சொன்னால் அவன் நம்புகிறான்.